வறட்சியின் பின்னே வந்த நெருப்பு



மழை பொய்த்தால் கிணறு வற்றும், பயிர் கருகும் என்பதை நாம் அறிவோம். ஊரே எரியவும் கூடும் என்பதை ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில வரலாறு நமக்குக் கூறுகிறது.

நம் நீலகிரியில் காணும் தைல மரங்களின் தாயகம் அந்நாடே. அம்மரத்தின் இலையில் எண்ணெய் உண்டு; பட்டையோ நார்நாராக உரியும். வறண்ட கோடையில் வடக்கிலிருந்து அனல்காற்று வீசும்போது, எரியும் பட்டைகள் பல கிலோமீட்டர் பறந்து சென்று புதிய தீயை மூட்டுகின்றன. ஆகவே, தீ வந்து சேருமுன்னரே அதன் பொறி வந்து கூரையில் அமர்ந்துவிடும்.

1939 ஜனவரியில், நீண்ட வறட்சிக்குப் பின் மூண்ட தீயில் 71 பேர் மாண்டனர். 13ஆம் நாள் வெள்ளிக்கிழமை அவ்வழிவு உச்சத்தை எட்டியது. காட்டினுள் மரம் அறுக்கும் ஆலைகளில் பணிபுரிந்தோர் பலர் மடிந்தனர். மண்ணைத் தோண்டி அமைத்த நிலவறைகளில் பதுங்கிப் பிழைத்தோரும் உண்டு. விசாரணை நடத்திய நீதிபதி லியோனார்ட் ஸ்ட்ரெட்டன், அத்தீ மனிதர் கையால் மூட்டப்பட்டதே என்று துணிந்து உரைத்தார். அதன் பயனாக, 1945இல் நாட்டுப்புறத் தீயணைப்புக்கெனத் தனி அமைப்பு உருவாயிற்று.

1983 பிப்ரவரி 8 அன்று, வறண்ட வயல்களின் மண் புழுதிப்புயலாக எழுந்து மெல்போர்ன் நகரை இருளாக்கிற்று. அடுத்த எட்டாம் நாள், விக்டோரியாவிலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் 75 உயிர்களை நெருப்பு கொண்டது. மாலையில் காற்று திசை மாறியபோது, தீயின் நீண்ட பக்கவாட்டு முழுதும் அதன் முகப்பாக மாறியதே பேரிழப்புக்குக் காரணம்.

அதன்பின் 1997 முதல் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக வறட்சி நீடித்தது. மக்கள் குளிக்கும் நீரை வாளியில் பிடித்துச் செடிகளுக்கு ஊற்றினர். ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 155 லிட்டர் போதும் என்று 2008இல் மெல்போர்ன் மக்களுக்கு இலக்கு வைக்கப்பட்டது. நீரைச் சிக்கனமாகச் செலவிட அவர்கள் கற்றுக்கொண்டனர். ஆனால் காடு காய்ந்துகொண்டே இருந்தது.

2009 பிப்ரவரி 7 அன்று மெல்போர்னில் வெப்பம் 46.4 டிகிரியைத் தொட்டது. அன்று மூண்ட தீயில் 173 பேர் இறந்தனர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. மேரிஸ்வில் என்னும் சிற்றூர் ஏறக்குறைய முழுதுமாக அழிந்தது. "ஆயத்தம் செய்து வீட்டைக் காத்து நில்லுங்கள், அல்லது முன்னதாகவே வெளியேறுங்கள்" என்பதே அதுவரை மக்களுக்குச் சொல்லப்பட்டுவந்த அறிவுரை. இறந்தோரில் 113 பேர் வீடுகளுக்குள்ளேயே மடிந்திருந்தனர். மிகக் கொடிய நாள்களில் எந்த வீடும் காவலாகாது, முன்னதாக வெளியேறுவதே உயிருக்குப் பாதுகாப்பு என்பது அதன்பின்னரே உறுதியாக அறிவுறுத்தப்பட்டது.

வீட்டை மீண்டும் கட்டலாம். போன உயிர் மீளாது. எளிதாகத் தோன்றும் இவ்வுண்மையைச் சட்டமாகவும் பழக்கமாகவும் ஆக்க, அம்மக்கள் மூன்று பேரழிவுகளைக் கடக்க வேண்டியிருந்தது. பிறர் பட்ட துன்பத்திலிருந்து படிப்பினை பெறுவோர், அதே துன்பத்தைத் தாமும் பட்டு அறிய வேண்டியதில்லை.