குருசுக்குப்பத்து மணலும் நில அதிர்வுக் கணக்கும்

2001 செப்டம்பர் 25 இரவு 8.26க்குப் புதுச்சேரிக்குக் கிழக்கே, வங்கக்கடலுக்கு அடியில், சுமார் 5.5 அளவில் நிலம் அதிர்ந்தது. புதுச்சேரியிலும் சென்னையிலும் மக்கள் வீட்டை விட்டு வெளியே ஓடிவந்தனர். மறு ஆண்டே, நில அதிர்வைத் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 1893 விதித்தொகுப்பு திருத்தப்பட்டது. அதில் நில அதிர்வு அபாய மண்டலங்களுள் முதலாவது இரண்டாவதோடு இணைந்தது. சென்னை மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது. புதுச்சேரி இரண்டாம் மண்டலத்தில் இடம்பெற்றது.

இந்திய நில அதிர்வு வரைபடத்தின் வரலாறே இப்படித்தான் நடந்திருக்கிறது. 1934 பீகார்–நேபாள நிலநடுக்கத்துக்குப் பின் 1935இல் இந்தியப் புவியியல் ஆய்வகம் முதல் வரைபடத்தைத் தொகுத்தது. 1962இல் விதித்தொகுப்பு வந்தது. 1967 கொய்னா நிலநடுக்கத்துக்குப் பின் 1970 திருத்தம். 1993 லாத்தூர் நிலநடுக்க அழிவுக்குப் பின் 2002 திருத்தம். நிலநடுக்கம் முன்னே போக, வரைபடம் அதைத் துரத்திக்கொண்டு ஓடியது.

1968இல் அமெரிக்கப் பொறியாளர் கார்னெல் கேள்வியையே மாற்றினார். ஓரிடத்தில் இதுவரை எவ்வளவு அதிர்ந்தது என்பதை விட்டு, குறிப்பிட்ட அதிர்வை மிஞ்சுவதற்கு ஆண்டுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டார். 50 ஆண்டில் 10 விழுக்காடு வாய்ப்பு என்றால், அது சராசரியாக 475 ஆண்டுக்கு ஒருமுறை வரும் அதிர்வு. இந்த வழியில் ஆர்.என். ஐயங்கார் தலைமையிலான வல்லுநர் குழு தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்காக இந்தியா முழுமைக்கும் கணக்கிட்டது. சென்னை ஐ.ஐ.டி.யின் அருண் மேனனும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் தமிழ்நாட்டுக்கென்றே கணக்கிட்டு வெளியிட்டனர். இத்தாலியின் பாவியாவிலிருந்து இயங்கும் ஜெம் அறக்கட்டளை நில அதிர்வு அபாயத்தைக் கணக்கிடும் தன் ஓப்பன்குவேக் மென்பொருளை இலவசமாகவே தருகிறது. 2018இல் உலக அபாய வரைபடத்தையும் இணையத்தில் வைத்தது. நிபுணர் அறைக்குள் கிடந்த கணக்கு, கணினி வைத்திருக்கும் எவருக்கும் எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. இது பெரிய மாற்றம் என்றே கருதுகிறேன்.

ஆனால் புதுச்சேரிக் கடற்கரையிலுள்ள குருசுக்குப்பத்துக்கு அந்த உலக வரைபடம் தரும் எண் கெட்டிப்பாறைக்கு உரியது. இங்கே காலடியில் கடற்கரை மணல். விதித்தொகுப்பு மண்ணைக் கணக்கில் எடுக்காமல் இல்லை. எனினும் பத்து மீட்டர் உயரமுள்ள கான்கிரீட் சட்டக வீட்டின் அலைவு நேரம் ஏறத்தாழ 0.42 நொடி. அதற்கு, 2002, 2016 பதிப்புகளின் அதிர்வு வரைகோட்டில் பாறைக்கான கெழு சுமார் 2.37, நெகிழ்ந்த மண்ணுக்கு 2.5. வேறுபாடு ஐந்து விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. ஒரு நொடி அலைவுள்ள உயரக் கட்டடத்துக்கோ 1.00, 1.67 என்று விலகிவிடுகிறது. மீனவர் வீடுகளைப் போன்ற தாழ்ந்த கட்டடங்களை மணல் எவ்வளவு கூடுதலாக ஆட்டும் என்பதற்கு இந்த வரைகோடு தனி விடை தருவதில்லை.

மற்றொரு நெருடல் பதிவேடு. தாமஸ் ஓல்ட்ஹாமின் இந்திய நிலநடுக்கப் பட்டியல் 1883இல் வெளிவந்தது. கருவிப் பதிவு இந்தியாவில் 1898இல்தான் தொடங்கியது. 1900 கோயம்புத்தூர் நிலநடுக்கம் போன்ற சிலவற்றைத் தவிரத் தென்னாட்டில் பெரிய சான்றுகள் குறைவு. இத்தனை குறுகிய பதிவை வைத்து 475 ஆண்டுக் கணக்குப் போடும்போது, எண்ணின் அருகில் அதன் ஐயப்பாட்டு எல்லையையும் மென்பொருள்கள் கண்ணுக்குப் படும்படி காட்ட வேண்டும்.

மண்ணின் குறையைத் தீர்க்க வழி இருக்கிறது. தரையில் தகட்டை வைத்துச் சம்மட்டியால் அடித்து, வரிசையாக ஊன்றிய உணர்கருவிகளில் மேற்பரப்பு அலைகள் வந்துசேரும் விதத்தை அளந்தால், மேல் முப்பது மீட்டர் மண்ணில் குறுக்கலை எவ்வளவு வேகமாகச் செல்கிறது என்று தெரிந்துவிடும். ஓப்பன்குவேக் கேட்பதும் அந்த வேகத்தைத்தான். அளவீடு இல்லாத ஊர்களுக்கு, நிலப்பரப்பின் சாய்மானத்தைப் பார்த்து ஊகித்த மதிப்பையே பலர் இடுகிறார்கள். குருசுக்குப்பத் தெருக்களில் அளந்த எண் அந்த இடத்தில் உட்கார வேண்டும். அதைப் புதுச்சேரி நகரமைப்புத் துறை பொதுவில் வைக்க வேண்டும்.