சுறாவின் வாயைக் கட்டியவர்கள்

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால்சுறா வறை கொடுப்பது வழக்கம். என் தாயாருக்கும் கொடுத்திருப்பார்கள். ஆகவே சுறாவுக்கும் எனக்குமான உறவு பால்குடி நாளிலேயே தொடங்கிவிட்டது எனலாம். நாம் தின்று தீர்த்த சுறாக்களுக்குக் கணக்கில்லை. ஆயினும் நமது கடலைப் பற்றிப் பிறநாட்டார் எழுதிய பழைய நூல்களைப் புரட்டினால், அங்கே சுறாதான் நம்மைத் தின்ன வருகிறது. அந்த அச்சத்தை நம்பியே ஒரு தொழில் மன்னார் வளைகுடாவில் பல நூற்றாண்டுகள் நிலைத்திருந்தது. முத்துக்குளிப்போர் கடலில் இறங்குமுன் மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுவோர் அத்தொழிலைச் செய்தனர். அவர்களைக் கடல்கட்டி என்றனர்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். முத்தில் பத்திலொரு பங்கு அரசனுக்கு. இருபதிலொரு பங்கு மந்திரம் சொல்பவருக்கு. அரசன் பெற்றதில் சரிபாதி! மந்திரம் பகலுக்கு மட்டுமே பலிக்கும் என்றும், இரவானதும் கட்டை அவிழ்த்துவிடுவார்கள் என்றும் அவர் குறிப்பிடுகிறார். இரவில் திருட்டுத்தனமாகச் சிப்பி அள்ள எவன் துணிவான்? சம்பளமில்லாத காவற்காரனாகச் சுறாவை நிறுத்திய அந்த மூளையை நான் வியக்கிறேன்.

ஆங்கிலேய இராணுவ அதிகாரியான றொபேட் பேர்சிவல் இலங்கை பற்றிய தமது நூலை 1803இல் வெளியிட்டார். முத்துக்குளிப்பில் ஒருவரின் காலைச் சுறா கவ்விக்கொண்டு போன சம்பவம் அதில் வருகிறது. தலைமை மந்திரவாதியை அழைத்து விளக்கம் கேட்டார்களாம். தம்மேல் பகைகொண்ட சூனியக்காரக் கிழவி ஒருத்தி மலையாளக் கரையிலிருந்து வந்து எதிர்மந்திரம் செய்துவிட்டாள் என்று அவர் கூசாமல் பதில் சொன்னார். இனிமேல் சுறாக்கள் குளிப்போரின் நடுவே வந்தாலும் வாயைத் திறக்க முடியாதபடி செய்துவிடுவேன் என்றும் உறுதியளித்தார். முப்பது வருடங்களாக அரசியல்வாதிகளின் விளக்கங்களைச் செய்தியாக்கி வந்த எனக்கு இந்தக் குரல் புதிதல்ல.

குடியேற்ற நாட்டுச் செயலாளராகவிருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட நூலில் இதைவிடச் சுவையான செய்தி உண்டு. அவர் முத்துப்பார்களைப் பார்க்கச் சென்றபோது கடல்கட்டிக்குச் சுகமில்லை. பதிலாள் ஒருவர் வந்திருந்தார். தமக்கு மந்திரம் தெரியாது என்று அவர் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். மூத்தவரின் பிரதிநிதி என்பதற்காகவே சுறாக்கள் தம்மை மதிக்கும் என்றாராம். பரம்பரைத் தொழிலான இதில் அப்போது தலைவராக இருந்தவர் ஒரு கத்தோலிக்கர். அதனால் மந்திரத்தின் வலிமை குறையுமென்று குளிப்போர் எவரும் நினைக்கவில்லை.

ஆங்கிலேயர் ஆட்சிக்கு வந்தபின் முத்துக்குளிப்பில் சுறாவால் நேர்ந்த, ஐயமற உறுதிப்பட்ட விபத்து ஒன்றே ஒன்றுதான் என்பதும் டெனன்ட் தரும் தகவல். படகுகளின் கூட்டம், ஆட்களின் இரைச்சல், ஓயாமல் விழும் கற்கள் ஆகியவை சுறாவை விரட்டியிருக்கும் என அவர் ஊகித்தார். ஊகம் பிழையன்று. செட்டை நுனி கறுத்த பார்ச்சுறா கூச்சமுள்ள பிராணி. திடீர்ச் சத்தம் எழுந்தால் விலகி ஓடிவிடும். உருவத்தில் எல்லா மீன்களையும் விஞ்சிய திமிங்கிலச்சுறா மிதவை உயிர்களையும் சிறுமீன்களையும் வடித்துத் தின்பது. மனிதனைச் சட்டை செய்யாது. உலகில் மனிதரைக் கடித்ததாகப் பதிவானவற்றில் பெரும்பகுதி வெள்ளைச்சுறா, புலிச்சுறா, காளைச்சுறா ஆகிய மூன்றின்மேல் விழுகிறது. அவையும் பெரும்பாலும் ஒருமுறை கடித்துப் பார்த்துவிட்டு விலகிவிடுகின்றன. ஆனால் அந்த ஒரு கடியிலேயே உயிர் போகக்கூடும்.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருந்தது. கல் கட்டிய கயிற்றைக் காலால் பற்றி, மூச்சை அடக்கி, ஒரு நாளில் நாற்பது ஐம்பது தடவை இறங்கிய அம்மனிதர்களுக்கு வாயாலும் மூக்காலும் காதாலும் நீரும், அடிக்கடி இரத்தமும் வந்ததைப் பேர்சிவலே எழுதியிருக்கிறார். அதற்குக் கட்டு மந்திரம் எவரிடமும் இருக்கவில்லை. முத்திலே பங்கு வாங்கியவரும் இல்லை.

1906இல் பார்கள் ஒரு தனியார் கம்பனிக்கு 20 வருடக் குத்தகைக்கு விடப்பட்டன. சிப்பி அற்றுப்போகவே கம்பனியும் விரைவில் நொடிந்தது. முத்தோடு கடல்கட்டியின் பிழைப்பும் போயிற்று. இன்று கட்டுப்பாடு மனிதனுக்கு வந்திருக்கிறது: இலங்கையில் கசைவால் சுறாக்களைப் பிடிப்பது 2012இலும், திமிங்கிலச்சுறாவைப் பிடிப்பது 2015இலும் தடைசெய்யப்பட்டன.

கடல்கட்டியின் சாக்குப்போக்கு இருநூறு ஆண்டுகள் கடந்தும் அச்சில் இருக்கிறது. காலை இழந்தவர் எந்த ஊரவர், பின்னர் எப்படிப் பிழைத்தார் என்பதை நான் வாசித்த பக்கங்களில் காணவில்லை.