கப்பல் ஏறினவனுக்குக் காய்ச்சல் வந்தால்...

வெளிநாட்டுக்குக் கிளம்புறவங்க பெட்டியைப் பார்த்திருக்கீங்களா? ஊறுகாய் எந்த மூலையில, பருப்புப் பொடி எந்த மூலையில, குக்கருக்குள்ள என்ன திணிச்சிருக்குன்னு எல்லாம் கரெக்டா சொல்வாங்க. மெடிக்கல் இன்சூரன்ஸ் பத்திக் கேட்டா மட்டும், "அதெல்லாம் கம்பெனி பாத்துக்கும்"னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க.

இந்த "கம்பெனி பாத்துக்கும்" நேத்து வந்த பேச்சு இல்லை மக்களே. நம்ம ஜனங்க கடல் தாண்டிப் போக ஆரம்பிச்ச காலத்துல இருந்தே இருக்கு. அது எங்க கொண்டு போய் விட்டதுங்கிற கதைதான் இந்தப் பதிவு.

நான் இருக்கிறது அடி அண்ணாமலை. கிரிவலப் பாதையில, மலைக்கு மேற்கே இருக்கிற ஊர். 1989ல திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆகிறதுக்கு முன்னாடி நாங்க வட ஆற்காடு. மலாயா ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் போன மாவட்டங்களை எடுத்துப் பார்த்தீங்கன்னா திருச்சி, தஞ்சாவூர், சேலத்தோட வட ஆற்காடும் தென் ஆற்காடும் கண்டிப்பா இருக்கும். ஆக, இது எங்க ஊர்ப் பக்கத்துக் கதையும்தான்.

முதல்ல இலங்கை. காப்பித் தோட்ட காலத்துல, மன்னார் பக்கம் கரையேறி, காட்டு வழியா நடந்தே மலைநாட்டுக்குப் போனாங்க. வழியில காலரா, காய்ச்சல். விழுந்தவங்க விழுந்த இடத்திலேயே போனாங்க. தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் நோயாளி யார் பொறுப்புன்னு ஒரு இழுபறி. துரையைப் பொறுத்தவரை வேலை செய்யாத ஆள் செலவு. அரசாங்கத்தைப் பொறுத்தவரை அவன் துரை கூட்டிட்டு வந்த ஆள். 1872ல 'மெடிக்கல் வாண்ட்ஸ் ஆர்டினன்ஸ்'னு ஒரு சட்டம் போட்டு, தோட்டப் பகுதிகள்ல மருத்துவ வசதி பண்ணணும், அந்தச் செலவுல தோட்ட முதலாளிகளுக்கும் பங்கு உண்டுன்னு கொண்டு வந்தாங்க.

மலாயாவில 1907ல தமிழர் குடியேற்ற நிதி வந்தது. தமிழ்த் தொழிலாளியை வெச்சிருக்கிற ஒவ்வொரு முதலாளியும் ஆள் கணக்குக்குப் பணம் கட்டணும். அந்தப் பணத்துலதான் கப்பல் கட்டணம். பினாங்குல இறங்கினா நேரா தோட்டத்துக்குப் போக முடியாது. நோய் பரவாம இருக்க ஜெரஜாக் தீவுல தடுத்து வெச்சுப் பார்த்துட்டுத்தான் அனுப்புவாங்க. தோட்டத்து ஆஸ்பத்திரி வெக்கிறதும் முதலாளி கடமைன்னு பின்னாடி சட்டமாச்சு.

இதுல ஒண்ணைக் கவனிங்க. வைத்தியம் மனுஷனுக்குன்னு கிடைக்கலை. தோட்டத்துப் பேர்ப்பட்டியல்ல இருக்கிற ஆளுக்குத்தான் கிடைச்சுது. பேர் வெட்டினா ஆஸ்பத்திரியும் போச்சு.

நூறு வருஷம் தாண்டி வளைகுடாவுக்கு வருவோம். குடியேற்றச் சோதனை தேவைப்படுற பாஸ்போர்ட்ல போற தொழிலாளர்களுக்காக இந்திய அரசு 2003 டிசம்பர்ல பிரவாசி பாரதிய பீமா யோஜனான்னு ஒரு கட்டாயக் காப்பீடு கொண்டு வந்தது. 2017ல திருத்தினாங்க. ரெண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூணு வருஷத்துக்கு 375 ரூபாய். பத்து லட்சம்! கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பத்து லட்சம் விபத்துல உயிர் போனா, இல்ல நிரந்தரமா ஊனமானா. ஆஸ்பத்திரிச் செலவுக்கு அதுல இருக்கிறது ஒரு லட்சம்தான். ஏஜெண்ட் "பத்து லட்சம் இன்சூரன்ஸ் இருக்கு தம்பி"ன்னு சொன்னா, பையன் அது வைத்தியத்துக்குன்னு நினைச்சுக்கிட்டே விமானம் ஏறுவான்.

அங்க போய்ச் சேர்ந்த பிறகு அந்த நாட்டுச் சட்டம்தான் துணை. அபுதாபியில 2005 சட்டம், துபாய்ல 2013 சட்டம். ரெண்டுலயும் தொழிலாளிக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டியது முதலாளி. மத்த அமீரகங்களுக்கும் 2025 ஜனவரியில இருந்து கட்டாயம். துபாய்ல பிரீமியத்தை சம்பளத்துல பிடிக்கக் கூடாது. பெண்டாட்டி பிள்ளைக்கு எடுக்க வேண்டியது, அவங்களை விசாவில கூப்பிட்டுக்கிட்டவர். இது தெரியாமப் போறவங்க நிறைய.

இப்ப அமெரிக்கா. எங்க அக்கா பையன் எச்-1பியில போறான். "மாமா, ரெண்டு பாலிசி குடுத்து ஒண்ணு செலக்ட் பண்ணச் சொல்றாங்க, எது எடுக்க?"ன்னு கேட்டான். வீட்டுக்காரி முழுகாம இருக்கா. பிரசவத்துக்கு அக்காவும் மச்சானும் போகணும். மச்சானுக்கு சர்க்கரை, பிரஷர் ரெண்டும் உண்டு. தப்பா ஒரு கட்டத்துல டிக் அடிச்சா நிலத்தை விக்கிற அளவுக்குப் போகக்கூடிய விஷயம். அதனால அவனுக்குச் சொன்னதை வரலாற்றோட இங்கயும் எழுதி வெக்கிறேன்.

அமெரிக்காவில காப்பீடு ஏன் வேலையோட ஒட்டிக்கிட்டு இருக்கு? 1929ல டல்லஸ் நகரத்து பேய்லர் ஆஸ்பத்திரி, பள்ளி ஆசிரியர்கள்கிட்ட மாசம் 50 சென்ட் வாங்கிக்கிட்டு, வருஷத்துக்கு 21 நாள் ஆஸ்பத்திரியில பார்க்கிறோம்னு ஆரம்பிச்சாங்க. 1942ல, உலகப் போர் நேரத்துல, சம்பளத்தை ஏத்தக் கூடாதுன்னு அரசு உறைய வெச்சிட்டுது. ஆனா இன்சூரன்ஸ் மாதிரி சலுகைக்கு விலக்கு. ஆள் கிடைக்காத கம்பெனிங்க அதைக் காட்டி ஆளை இழுத்தாங்க. 1954 வரிச் சட்டத்துல இந்தச் சலுகைக்கு வரி இல்லைன்னு உறுதியாச்சு. அவ்வளவுதான், முடிச்சு இறுகிப் போச்சு.

1965ல ரெண்டு சட்டம். ஜூலையில முதியோருக்கு மெடிகேரும் ஏழைகளுக்கு மெடிக்கெய்டும். அக்டோபர்ல புது குடியேற்றச் சட்டம். அதுவரைக்கும் இந்தியாவுக்கு வருஷத்துக்கு 100 பேர்தான் ஒதுக்கீடு. ரெண்டுலயும் கையெழுத்துப் போட்டது ஜனாதிபதி ஜான்சன். கதவும் திறந்தது, மருந்தும் கிடைச்சுதுன்னு சந்தோஷப்பட்டா, 1996ல ஒரு சட்டம் வந்து, கிரீன் கார்டு வாங்கினவங்களும் பெரும்பாலும் அஞ்சு வருஷம் கழிச்சுத்தான் மெடிக்கெய்டுக்கு வரலாம்னு சொல்லிட்டுது. அங்க வேலை பார்த்த கணக்கு இல்லாத 65 வயசு தாண்டின அப்பா அம்மாவுக்கு, மெடிகேரைக் காசு குடுத்து வாங்கறதுக்கே கிரீன் கார்டோட அஞ்சு வருஷம் தொடர்ந்து அங்க இருந்திருக்கணும்.

2010 சட்டம்தான் நம்மள மாதிரி ஆட்களுக்குப் பெரிய மாற்றம். 2014ல இருந்து, ஏற்கெனவே இருக்கிற நோயைக் காட்டி பாலிசி மறுக்க முடியாது. எச்-1பிக்காரரும், புதுசா கிரீன் கார்டு வாங்கின பெரியவங்களும் காப்பீட்டுச் சந்தையில வாங்கலாம். வந்து 60 நாளுக்குள்ள சேரணும். ஆனா அரசு மானியம் வேற கதை. 2025ல போட்ட சட்டம், 2027 தொடக்கத்துல இருந்து தற்காலிக விசாக்காரங்களுக்கு அந்த மானியத்தை நிறுத்துது.

சரி, பையனுக்குச் சொன்னது:

ஒண்ணு, பிரீமியத்தை மட்டும் பார்க்காதே. ஒரு பேச்சுக்கு, முதல் பாலிசி மாசம் 100 டாலர், டிடக்டிபிள் 3,000. ரெண்டாவது மாசம் 300, டிடக்டிபிள் 500. மத்ததெல்லாம் ஒண்ணு. நோயே வரலைன்னா முதல் பாலிசியில வருஷத்துக்கு 2,400 மிச்சம். பெரிய செலவு வந்தா 2,500 கூடுதலாக் கட்டுவே. நிகர நஷ்டம் வெறும் 100 டாலர். கணக்குப்படி முதல் பாலிசி மோசமில்லை. ஆனா புதுசாப் போறவன் கையில ரெண்டாவது மாசமே 3,000 டாலர் இருக்குமா? அதுதான் கேள்வி. பிரசவம் வரப் போகுதுன்னு தெரிஞ்ச வீட்டுல, ரெண்டாவதை எடுத்துட்டு நிம்மதியாத் தூங்கலாம்.

ரெண்டு, வருஷத்துக்கு அதிகபட்சமா கைக்காசு எவ்வளவு போகும்னு ஒரு எண் போட்டிருக்கும். 2025க்கு சட்டம் வெச்ச உச்சவரம்பு ஒருத்தருக்கு 9,200 டாலர். ஆனா அது நெட்வொர்க்குக்குள்ள இருக்கிற டாக்டர், ஆஸ்பத்திரிக்குத்தான். அதனால வீடு பார்க்கும்போதே பிரசவ ஆஸ்பத்திரி பட்டியல்ல இருக்கான்னு பாரு.

மூணு, நாள் கணக்கு. வேலையில சேர்ந்ததும் எத்தனை நாளுக்குள்ள தேர்வு பண்ணணும்னு கேட்டுக்கோ. குழந்தை பிறந்தா 30 நாளுக்குள்ள பேரைச் சேர்க்கணும். தன்னாலே சேராது.

நாலு, அக்கா மச்சானுக்கு விசிட்டர் பாலிசி. ரெண்டு ரகம். ஒண்ணு, ஒவ்வொரு வைத்தியத்துக்கும் இவ்வளவுதான்னு நிர்ணயத் தொகை குடுத்துட்டு ஒதுங்கிக்கும். இன்னொண்ணு, டிடக்டிபிள் போக பில்லுல பெரும்பங்கு ஏத்துக்கும். விலை கம்மின்னு முதல் ரகத்துல விழாதே. பழைய நோய்க்கு ரெண்டுமே பொதுவா கை விரிச்சிடும். திடீர்னு தீவிரமானா மட்டும் குடுப்போம்னு சில பாலிசியில இருக்கும். வயசு வரம்பும் இருக்கும், படிச்சுப் பாரு. மச்சானோட மாத்திரையைச் சீட்டோட இங்கேயே வாங்கிக்கிட்டு, கிளம்பும் முன்னே ஒரு செக்கப் பண்ணிக்கிறது, அங்க எடுக்கிற எந்தப் பாலிசியை விடவும் மலிவு.

அஞ்சு, இதுதான் முக்கியம். வேலை போனா என்ன ஆகும்? விசாவுக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம். 20 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கிற கம்பெனின்னா கோப்ரா சட்டப்படி அதே காப்பீட்டை 18 மாசம் வரைக்கும் தொடரலாம். ஆனா முதலாளி கட்டின பங்கையும் சேர்த்து, 102 சதவீதம் வரைக்கும் நீ கட்டணும். வேலை போன மாசத்துல அது மலை மாதிரித் தெரியும். மூணு மாசப் பிரீமியத்தைத் தனியா எடுத்து வெச்சுட்டுத்தான் புது டிவி வாங்கறதைப் பத்தி யோசிக்கணும்.

தோட்டத்துப் பேர்ப்பட்டியலுக்கும் இன்னிக்குக் கம்பெனி ஐடி கார்டுக்கும் நடுவுல நூத்தம்பது வருஷம். துண்டுச்சீட்டு பிளாஸ்டிக் ஆயிடுச்சு, துரை எச்.ஆர். ஆயிட்டார் :-) ஆனா மருந்து இன்னும் வேலையோட கட்டிப் போட்டுத்தான் இருக்கு. அன்னிக்குப் போனவங்களுக்குப் படிச்சுப் பார்க்க ஒரு தாள்கூடக் குடுக்கலை. நமக்குக் குடுக்கிறாங்க, ஐம்பது பக்கம். அதுல "எதுக்கெல்லாம் குடுக்க மாட்டோம்"னு ஒரு பகுதி இருக்கும் பாருங்க, அதை முதல்ல படிங்க.

பி.கு.: மேலே சொன்னது பொது நிலவரம். தொகையும் விதியும் வருஷா வருஷம் மாறும். கையெழுத்துப் போடும் முன்னே அந்த வருஷத்துத் தாளை ஒரு தடவை பார்த்துடுங்க.