ஆள் மாறாட்டம்

கல்லீரலுக்கு ஒரு வாட்ச்மேன் உண்டு, தெரியுமோ? பெயர் குஃப்பர் செல். குடலிலிருந்து ரத்தத்தோடு வரும் கிருமி, ஆயுள் முடிந்த சிவப்பணு, எது வந்தாலும் லபக்கென்று விழுங்கிவிடும். நோய் எதிர்ப்புப் படையின் ஆள்.

பெயருக்குச் சொந்தக்காரர் கார்ல் வில்ஹெல்ம் ஃபான் குஃப்பர். ஜெர்மன் உடற்கூறு நிபுணர். வேடிக்கை என்னவென்றால், 1876ல் அவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்தது இந்த வாட்ச்மேனையே அல்ல. பக்கத்தில் குடியிருக்கும் நட்சத்திர செல்லை. வைட்டமின் ஏ-வைக் கொழுப்போடு சேமித்து வைக்கும் ஸ்டோர் கீப்பர் அது. 1898ல் அவரே இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினார். 1971ல் ஜப்பானின் கென்ஜிரோ வாகே வந்து, நட்சத்திர செல் வேறு, விழுங்கும் செல் வேறு என்று காட்டினார்.

பெயர்க் குழப்பம்தானே, போகட்டும் என்கிறீர்களா? இருங்கள்.

எலியின் கல்லீரலை ஆராய்ந்துகொண்டிருந்த பெல்ஜியக்காரர் கிறிஸ்டியன் டி டூவ், 1955ல் செல்லுக்குள் ஒரு ஜீரணப் பை இருப்பதை அறிவித்தார். லைசோசோம். தன்னுடைய பழுதான பாகங்களையே செல் அதில் போட்டுக் கரைத்து, கிடைத்ததை மறுபடி உபயோகிக்கிறது. பழைய இரும்புக் கடை வியாபாரம் மாதிரிதான். 1963ல் இதற்கு 'ஆட்டோஃபேஜி' என்று பெயர் வைத்தார். தன்னையே தின்பது. 1990களில் யோஷினோரி ஓசுமி, ஈஸ்ட்டை வைத்து இதற்கான மரபணுக்களைக் கண்டுபிடித்தார். 2016ல் நோபல்.

மரபணு தெரிந்துவிட்டதா? இனி வேண்டிய செல்லில் மட்டும் அதை நிறுத்திப் பார்க்கலாம். பார்த்தார்கள்.

2012ல் வெளிவந்த ஆய்வில், எலியின் நட்சத்திர செல்லில் ஆட்டோஃபேஜியை நிறுத்தினார்கள். கல்லீரல் தழும்பு குறைந்தது. காரணம், அந்த செல் தன் கொழுப்பைத் தின்று கிடைக்கும் சக்தியில்தான் தழும்பு நாரை உற்பத்தி செய்கிறது. 2015ல் இன்னொரு ஆய்வு. இம்முறை குஃப்பர் செல் வகையறாவில் நிறுத்தினார்கள். தழும்பு அதிகமானது! உள்ளே குப்பையை அகற்ற முடியாத வாட்ச்மேன், அழற்சியைத் தூண்டும் ரசாயனங்களைக் கூடுதலாகக் கொட்டியதுதான் காரணம். தழும்பு முற்றினால் சிரோசிஸ்.

ஒரே வேலை. ஓர் ஆள் செய்தால் பாதுகாப்பு, பக்கத்து ஆள் செய்தால் ஆபத்து. குஃப்பர் குழப்பிய அதே இரண்டு பேர்!

'ஆட்டோஃபேஜியைத் தூண்டும், லிவரைக் காக்கும்' என்று யாராவது மாத்திரை டப்பாவை நீட்டினால், ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்.

எந்த செல்லில், சார்?