சூரியகாந்தி (மகளிர் கிறித்துவக் கல்லூரியின் சின்னம்)

சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள மகளிர் கிறித்துவக் கல்லூரியின் சின்னம் சூரியகாந்தி மலர். ‘ஒளி பெற்றது ஒளி தருவதற்கே’ என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடர் அதன் குறிக்கோளுரை. கல்லூரிப் பெண்கள் தமக்கென ஒரு சின்னம் கொள்வது இன்று சாதாரணமாகத் தோன்றலாம். நூறாண்டுக்கு முன் அது சிறிய செயலன்று.

அமெரிக்காவில் நடந்த ஒன்று இதை விளக்க உதவும். இந்தியானா மாநிலத்து ஆஸ்பரி பல்கலைக்கழகம் 1867இல் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது. அங்கு ஆண் மாணவர்கள் கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட சங்கங்கள் நடத்தி, அவற்றின் பேட்ஜை அணிந்துவந்தனர். பெட்டி லாக் என்னும் மாணவியிடம் ஒரு சங்கத்தார் தங்கள் பேட்ஜை அணியச் சொன்னார்களாம். உறுப்பினராக மட்டும் சேர்க்க மாட்டார்களாம். அவர் மறுத்துவிட்டார். 1870 சனவரி 27 அன்று மூன்று தோழியரோடு ‘கப்பா ஆல்ஃபா தீட்டா’ என்னும் பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். காற்றாடி வடிவப் பேட்ஜும், கறுப்பும் பொன்னிறமும் கலந்த பான்சி மலரும் அதன் அடையாளங்கள். பிறர் சின்னத்தைச் சுமப்பதைவிடத் தமக்கென ஒன்றை உண்டாக்குவது மேல் என்று அப்பெண்கள் கருதியது நியாயமே.

இத்தகைய இரகசியச் சடங்குகள் கொண்ட சங்கங்கள் தமிழ்நாட்டில் வேரூன்றவில்லை. இங்கே பெண்களை ஒன்றுசேர்த்தவை கல்லூரியும் அதன் விடுதியுமே. செஞ்சி, திண்டிவனம் போன்ற ஊர்ப் பெண் அன்று பட்டம் படிக்க விரும்பினால் வீட்டைவிட்டு வெளியூரில் தங்குவதைத் தவிர வழியில்லை. பெண்ணின் திருமண வயதைப் பதினான்கு என வரையறுத்த சாரதா சட்டமே 1929இல்தான் வந்தது. அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன் மகளை விடுதிக்கு அனுப்பிய பெற்றோரின் துணிவு பெரிது. வரலாற்று நூல்கள் அதை அதிகம் பேசுவதில்லை.

1915 சூலை 7 அன்று 41 மாணவியர், 7 ஆசிரியர்களுடன் இக்கல்லூரி தொடங்கியது. இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா நாடுகளின் 12 மிஷன் சங்கங்கள் சேர்ந்து இதை நிறுவின. இலண்டன் வெஸ்ட்ஃபீல்டு கல்லூரியில் விரிவுரையாளராக இருந்த எலினார் மெக்டூகல் முதல் முதல்வராக வந்து, 1938 வரை பணியாற்றினார். மறு ஆண்டே கல்லூரி டவ்டன் மாளிகைக்குக் குடிபெயர்ந்தது. தமிழ், தெலுங்கு, மலையாளம் பேசும் பெண்கள் ஒரே கூரையின்கீழ் தங்கிப் படித்தனர். கிறித்துவர் அல்லாதோரும் அவர்களில் இருந்தனர். எல்லாருக்கும் பொதுவாக ஒரு சின்னம் தேவைப்பட்டதில் வியப்பில்லை. சூரியகாந்தி எந்தச் சமயத்துக்கும் தனியுரிமை அல்லாத மலர். வேடிக்கை என்னவென்றால், அது நம் நாட்டு மலரும் அன்று. வட அமெரிக்காவிலிருந்து வந்தது.

அமெரிக்க உறவு அம்மலரோடு நிற்கவில்லை. 1920இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து மவுண்ட் ஹோலியோக் கல்லூரி இதன் சகோதரிக் கல்லூரியானது. மேரி லயன் என்னும் ஆசிரியை 1837இல் பெண்களுக்காகத் தொடங்கிய நிறுவனம் அது.

குறிக்கோளுரைக்கு எடுத்துக்காட்டாகத் தாவரவியலார் ஜானகி அம்மாளைக் கூறலாம். தலச்சேரியில் 1897இல் பிறந்து, இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்த அவர், மகளிர் கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியரானார். பார்பர் உதவித்தொகை பெற்று மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்றார். முதுகலைப் பட்டத்துடன் திரும்பி வந்து மீண்டும் இங்கேயே கற்பித்தார். 1931இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் அவர் செய்த பணி அவரை உலகறியச் செய்தது.