தொண்டுத் தலைமையின் விடுபட்ட நிபந்தனை: கிரீன்லீஃபின் 1980ஆம் ஆண்டுச் சேர்க்கையை முன்வைத்து

பணியிடங்களில் செயற்கை நுண்ணறிவைக் கொண்டுவருவது பற்றிய மேலாண்மை எழுத்துகளில் ‘தொண்டுத் தலைமை’ என்ற கருத்து அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. கருத்து ராபர்ட் கே. கிரீன்லீஃபுடையது. ஆனால் நான் படித்தவற்றில் பல அவருடைய 1970ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தொடாமல், லாரி ஸ்பியர்ஸ் பின்னாளில் தொகுத்த பத்துப் பண்புகளின் பட்டியலிலிருந்தே தொடங்குகின்றன. செவிமடுத்தல், பரிவு, ஆற்றுதல், விழிப்பு, இணங்கவைத்தல், கருத்தாக்கம், முன்னுணர்தல், அறங்காவல், மனிதர் வளர்ச்சியில் ஈடுபாடு, சமூகம் கட்டுதல் என்ற பத்து. என் கருத்து வேறுபாடு அந்தப் பட்டியலோடுதான். மனிதர் செய்த வேலையை இயந்திரம் ஏற்கும் நேரத்தில் கிரீன்லீஃபிடமிருந்து நமக்கு எது மிகவும் தேவையோ, அது அந்தப் பத்துக்குள் இல்லை.

ஸ்பியர்ஸுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரியது. கிரீன்லீஃப் மையத்துக்கு 1990 முதல் 2007 வரை தலைமை தாங்கியவர் அவர். கிரீன்லீஃப் மறைந்த பிறகு அவருடைய கட்டுரைகளைத் தேடித் தொகுத்து அச்சேற்றியவரும் அவரே. பட்டியல் முழுமையானதல்ல என்று அவரே சொல்லியும் இருக்கிறார். ஆகவே என் குறை, பட்டியலில் இன்னும் இரண்டு பண்புகளைச் சேர்த்திருக்கலாம் என்பதல்ல. பத்தும் தலைவரின் பண்புகள். பட்டியலின் பார்வை முழுவதும் தலைவரின் முகத்திலேயே நிற்கிறது. கிரீன்லீஃப் 1970இல் முன்வைத்த சோதனையோ எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்குகிறது. தலைவருக்குக் கீழே இருப்பவர்கள் மனிதர்களாக வளர்கிறார்களா, கூடுதல் சுதந்திரமும் தெளிவும் பெறுகிறார்களா என்பது அதன் முதற்பாதி. சமுதாயத்தின் அடித்தட்டில் இருப்பவருக்கு இதனால் என்ன நேர்கிறது, அவருக்கு நன்மை இல்லாவிட்டாலும் மேலும் இழப்பாவது வராமல் இருக்கிறதா என்பது இரண்டாம் பாதி. முதற்பாதி, ‘மனிதர் வளர்ச்சியில் ஈடுபாடு’ என்ற பெயரில் பட்டியலுக்குள் இடம் பிடித்தது. இரண்டாம் பாதிக்கு அங்கே இடமே இல்லை. அறங்காவலும் சமூகம் கட்டுதலும் அதைத் தமக்குள் அடக்கியிருக்கின்றன என்று வாதிடலாம். எனக்கு அது போதவில்லை. யாருக்காகக் காக்கிறோம், எந்தச் சமூகத்தைக் கட்டுகிறோம் என்பதை முடிவு செய்யும் உரிமை அங்கே தலைவரிடமே இருக்கிறது.

முன்னுணர்தல் என்ற பண்பில் இந்த விலகல் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. வரப்போவதை முன்கூட்டிப் பார்க்கத் தவறுவது, அல்லது பார்க்க மறுப்பது, அறம் சார்ந்த தவறு என்பது கிரீன்லீஃபின் நிலை. கெடுதல் கண்முன் வந்து நிற்கும்போது தலைவரின் கைகள் கட்டுண்டிருக்கலாம். ஆனால் அவர் குற்றம் நேர்ந்தது அதற்கு முன்பே, பார்க்க நேரம் இருந்தும் பார்க்காமல் விட்ட நாளில். ஸ்பியர்ஸ் 1990களில் எழுதிய வடிவங்களில், மற்ற ஒன்பதையும் முயன்று வளர்த்துக்கொள்ளலாம், முன்னுணர்தல் மட்டும் பிறவியிலேயே வருவதாக இருக்கக்கூடும் என்று ஊகிக்கிறார். ஊகம் என்ற எச்சரிக்கையோடுதான் சொல்கிறார். இருந்தாலும் விளைவு சிறியதல்ல. பிறவியில் வராத ஒன்றுக்காக ஒருவரைக் குற்றம் சொல்ல முடியாது. கிரீன்லீஃப் கடமையாக வைத்ததை இந்த ஒரு ஊகம் வரமாக ஆக்கிவிடுகிறது.

பட்டியலைத் தொடர்ந்து அளவுகோல்கள் வந்தன. லைடனும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்டது 28 கூற்றுகளும் 7 பரிமாணங்களும் கொண்டது. நேர்த்தியான கருவிதான். ஆனால் தலைவருக்குக் கீழே வேலை செய்பவர்களே அதை நிரப்புகிறார்கள். வேலையை இழந்து வெளியேறியவர் அந்தப் படிவத்தைப் பார்க்கவே மாட்டார். தானியங்கிமயத்தின் அறம் பற்றிய கேள்வியில் முதலில் சாட்சி சொல்ல வேண்டியவர் அவர்தான்.

கிரீன்லீஃப் அவரை அறியாதவர் அல்லர் என்பதே என் துணிபு. ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘கிழக்கு நோக்கிய பயணம்’ நாவலில் வரும் லியோ என்ற பணியாளிடமிருந்து கருத்து தோன்றியதாக அவரே சொன்னதால், தொண்டுத் தலைமையின் வரலாறு வழக்கமாக ஒரு நாவலில் தொடங்கிவிடுகிறது. அவருடைய குவேக்கர் பற்றையும் டான் ஃபிரிக்கின் வாழ்க்கை வரலாறு விரிவாகத் தருகிறது. ஆனால் நாவலின் பெயரைச் சொன்ன அந்த மனிதர் 1926 முதல் 1964 வரை ஏ.டி. அண்ட் டி. என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். மேலாண்மை ஆய்வுத் துறைக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த நிறுவனம் 1919இல் வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில், ஆபரேட்டர் இல்லாமலே அழைப்பை இணைக்கும் டயல் முறையைத் தொடங்கியது. அதன் தலைமையில் இயங்கிய பெல் அமைப்பின் கடைசிக் கைமுறை எக்ஸ்சேஞ்ச், கலிபோர்னியாவின் சாண்டா கட்டலினா தீவில் இருந்தது; 1978இல் அது மூடப்பட்டது. கிரீன்லீஃபின் பணிக்காலம் முழுவதும் இந்த மாற்றத்துக்குள்ளேயே அடங்குகிறது. சுவிட்ச்போர்டு முன் அமர்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள்.

நிறுவனம் கண்மூடித்தனமாக அவர்களை வெளியேற்றவில்லை. மாற்றத்தை முன்கூட்டியே திட்டமிட்டது. தற்காலிக ஆபரேட்டர்களை எடுத்தது. விலகியவர்களின் இடங்களை நிரப்பாமல் விட்டது. இருந்தும் பொருளியலாளர்கள் ஜேம்ஸ் ஃபைகன்பாமும் டேனியல் கிராஸும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பதிவுகளைப் பின்தொடர்ந்து கண்டது கவனத்துக்குரியது. டயல் வந்த ஊர்களில் ஏற்கெனவே ஆபரேட்டராக இருந்த பெண்கள், பத்தாண்டு கழித்து வேலையில் இருக்கும் வாய்ப்பு குறைந்திருந்தது. இருந்தவர்களும் குறைந்த ஊதியத் தொழில்களில் இருக்கவே வாய்ப்பு அதிகம். அடுத்த தலைமுறைப் பெண்களோ வேறு வேலைகளில் இடம் பிடித்தார்கள். மொத்தக் கணக்கில் இழப்பு மறைந்துபோகிறது, தனி மனிதரிடம் மறையவில்லை. கிரீன்லீஃபின் சோதனையின் இரண்டாம் பாதி கேட்பது அந்தத் தனி மனிதரைப் பற்றித்தான்.

இன்னொரு சான்று கிரீன்லீஃபின் துறைக்குள்ளேயே கிடைக்கிறது. 1956இல் உளவியலாளர் டக்ளஸ் பிரே அங்கே வந்து, மேலாளர்களின் முன்னேற்றம் குறித்த நீண்டகால ஆய்வைத் தொடங்கினார். 422 ஆண்களுக்குப் பல நாள் பயிற்சிகளும் நேர்காணல்களும் தேர்வுகளும் வைத்து, யார் மேலே உயர்வார் என்று கணித்தார்கள். அந்தக் கணிப்பை நிறுவனத்துக்கும் சொல்லவில்லை, ஆய்வுக்கு உட்பட்டவர்களுக்கும் சொல்லவில்லை. தெரிந்தால் பதவி உயர்வு அதைப் பின்பற்றிவிடும், பிறகு கணிப்பு சரியா என்று பார்க்கவே வழியிருக்காது. இது முறையியல் எச்சரிக்கை மட்டுமல்ல என்பது என் எண்ணம். ஒரு மனிதரைப் பற்றிய கணிப்பு அவருடைய விதியாக மாறுவதைத் தடுத்து நிறுத்திய பூட்டு அது. ஆனால் 1958இலேயே பெல் அமைப்பைச் சேர்ந்த மிச்சிகன் பெல் நிறுவனம் இதே முறையை மேற்பார்வையாளர்களைத் தேர்ந்தெடுக்கப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. இன்று விண்ணப்பதாரருக்கு மதிப்பெண் இடும் மென்பொருள்கள் நுட்பத்தில் வேறானவை. அவற்றின் நேர் மூதாதை இது என்று நிறுவ நான் முயலவில்லை. ஆய்வுக்கென்று மூடி வைத்த கணிப்பு, தேர்வுக்கருவியாக வெளியே வர இரண்டே ஆண்டுகள்தாம் ஆயின என்பதைக் கிரீன்லீஃப் தன் மேசையிலிருந்து பார்த்திருக்க முடியும் என்பதுவரைதான் சொல்கிறேன்.

இனி அந்தச் சேர்க்கைக்கு வருவோம். தன் கருத்தைத் திரும்பிப் பார்த்து 1980இல் எழுதிய கட்டுரையில் கிரீன்லீஃப் பழைய சோதனையை மீண்டும் சொல்லிவிட்டு, அதன் இறுதியில் புதிதாக ஒரு நிபந்தனை வைக்கிறார்: அந்தச் செயலால் நேராகவோ மறைமுகமாகவோ எவருக்கும், தெரிந்தே, தீங்கு நேரக் கூடாது. 1970 வடிவத்தில் இது கிடையாது. இக்கட்டுரை இடம்பெற்ற 1998ஆம் ஆண்டுத் தொகுப்பின் பதிப்பாசிரியர் ஸ்பியர்ஸ்தான். அப்படியிருந்தும் நிபந்தனை பட்டியலுக்குள் வரவில்லை.

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். தெரியாமல் நேர்ந்த தீங்குக்குப் பொறுப்பில்லை என்று தலைவருக்கு ஒரு விலக்கு தரப்பட்டதாக எடுத்துக்கொள்வது எளிய வாசிப்பு. முன்னுணரத் தவறுவதே அறப்பிழை என்று அதே ஆசிரியர் எழுதியிருக்கும்போது இது பொருந்தாது. பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் இருந்துவிட்டு, தெரியாது என்று சொல்ல அவருடைய தலைவருக்கு அனுமதி இல்லை. ‘மறைமுகமாகவோ’ என்ற பகுதியும் இந்த இரண்டாம் வாசிப்பின் பக்கமே சாய்கிறது. மறைமுகத் தீங்கு தேடினால்தான் தெரியும். ஆகவே நிபந்தனை தேடுவதையும் கட்டளையிடுகிறது.

ஏன் 1980? அச்சில் தெரிவது அந்த ஆண்டு. கருத்து அவர் மனத்தில் எப்போது உருவாயிற்று என்பதை அது தீர்க்காது. ஆனால் அதே ஆண்டில் ஏ.டி. அண்ட் டி.யில் நடந்த ஒன்றை இதன் அருகில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 1970களில் கணினிவழி இணைப்பு மேசைகள் பரவியபோது, ஓர் அழைப்புக்கு ஆபரேட்டர் எடுக்கும் சராசரி நேரத்தை இயந்திரமே கணக்கிட்டது. தகவல்தொடர்புத் தொழிலாளர் சங்கம் 1979 ஜூன் 15ஐப் பணியழுத்த எதிர்ப்பு நாளாகக் கடைப்பிடித்தது. 1980 ஒப்பந்தம் சங்கமும் நிர்வாகமும் சேர்ந்த தொழில்நுட்ப மாற்றக் குழுக்களை அமைத்தது. பெரிய மாற்றம் எதுவானாலும் ஆறு மாதம் முன்பே அறிவிக்க வேண்டும் என்றது. நிர்வாகம் முன்கூட்டி அறிந்துகொள்வதும் அதைப் பகிர்ந்துகொள்வதும் ஒப்பந்தக் கடமை ஆயின. ஓய்வு பெற்றுப் 16 ஆண்டுகள் ஆன கிரீன்லீஃப் இந்த ஒப்பந்தத்தை மனத்தில் வைத்து எழுதினார் என்று சொல்லச் சான்றில்லை. தாக்கம் என்ற சொல்லை நான் பயன்படுத்த மாட்டேன். ஒரே நிறுவனத்தின் அனுபவம், ஒருபக்கம் தொழிலாளர்களையும் மறுபக்கம் அதன் முன்னாள் அதிகாரியையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தது என்ற வாசிப்பை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்கிறேன். ஹெஸ்ஸேயின் லியோவைக் கொண்டு இந்தச் சேர்க்கையை விளக்க முடியாது.

இப்போதைய சட்டங்கள் இந்த இடத்தைச் சுற்றித்தான் நகர்கின்றன. பணியிடத்தில் உணர்ச்சிகளைக் கணிக்கும் கருவிகளை, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் நீங்கலாக, ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்துள்ளது. உயர் ஆபத்து வகை அமைப்பு ஒன்றைப் பணியிடத்தில் பயன்படுத்தும் முன் தொழிலாளர்களுக்கும் அவர்களின் பிரதிநிதிகளுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று அதன் 26ஆம் பிரிவு சொல்கிறது. நியூயார்க் நகரம் 2023 ஜூலை முதல், ஆள்தேர்வுக் கருவிகளுக்குப் பாரபட்சத் தணிக்கையைக் கட்டாயமாக்கி நடைமுறைப்படுத்துகிறது. தெரிவிப்பதும் தணிக்கை செய்வதும் 1980 குழுக்களில் இருந்த இருக்கைக்கு ஈடாகா. அங்கே சங்கம் தகவலைப் பெறுவதோடு நிற்காமல் உடன் அமர்ந்து பேசியது. கிரீன்லீஃபின் நிபந்தனை எதைக் கேட்கிறது, தகவலையா இருக்கையையா என்பதற்கு அவருடைய எழுத்தில் நேரடி விடை இல்லை. சந்தையில் வாங்கிய மதிப்பெண் கருவி எப்படிக் கணக்கிடுகிறது, அது யாரை வடிகட்டி விடுகிறது என்று விற்றவரிடம் கேட்காமலே நிறுவிவிட்ட மேலாளர், பத்துப் பண்புகளும் தம்மிடம் இருப்பதாக மனமாரச் சொல்லலாம். 1980ஆம் ஆண்டு நிபந்தனையின்படி அவர் தேறமாட்டார்.