குளியலறைத் திரையை வெட்டிய தாய்

வால்டர் ஹண்ட் என்ற அமெரிக்க இயந்திரக் கலைஞருக்கு 15 டாலர் கடன் இருந்தது. கண்டுபிடிப்பதில் மன்னன்; அதைக் காசாக்கத்தான் கடைசிவரை தெரியவில்லை. தையல் இயந்திரம் ஒன்றையே முன்பு உருவாக்கிவிட்டு, தையல்காரப் பெண்களின் பிழைப்பு போய்விடுமே என்று காப்புரிமை வாங்காமல் விட்டவர் என்பார்கள். 1849இல், கடனை எப்படி அடைப்பது என்ற கவலையோடு கையிலிருந்த கம்பித் துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார். நடுப்பகுதி சுருண்டு வில்லானது. ஒரு முனை, மறுமுனையின் கூர்நுனியை மூடிப் பிடிக்கும் கொண்டியானது. ஏப்ரல் 10ஆம் தேதி காப்புரிமை கிடைத்ததும் அதை 400 டாலருக்கு விற்றுக் கடனை அடைத்தார். அவர் விற்றது ஊக்கு. அடுத்த நூறு ஆண்டுகளுக்கு மேல்நாட்டுக் குழந்தைகளின் இடுப்பை அது ஆளப்போகிறது என்பதை அவர் அறியவில்லை.

சதுரமான பருத்தித் துணியை மடித்து, கால்களுக்கு நடுவே கொடுத்து, இடுப்பின் இரு பக்கமும் ஊக்கால் குத்துவார்கள். பருத்தி ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சியதை வெளியே விடாமல் காக்க அதனால் முடியாது. துணி நனைந்தால் சட்டை நனையும், சட்டை நனைந்தால் தொட்டில் நனையும். இதற்கு மாற்றாக வந்ததுதான் ரப்பர் ஜட்டி. கசிவு நின்றது, கூடவே காற்றோட்டமும் நின்றது. உள்ளே வெப்பமும் ஈரமும் சேர்ந்து தோல் சிவந்து தடித்தது. விளிம்பு பிஞ்சுத் தொடையை இறுக்கித் தடம் பதித்தது. தொட்டில் நனையட்டுமா, பிள்ளையின் தோல் புண்ணாகட்டுமா என்று தாய்மார்கள் தவித்தார்கள். மூன்றாவது வழி ஒன்று உண்டென்று, தொழிற்சாலைச் சத்தத்தில் வளர்ந்த ஒரு பெண்ணுக்குத் தோன்றும்வரை இந்தத் தவிப்பு தீரவில்லை.

மேரியன் ஓ'பிரையன் 1917இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பிறந்தார். தந்தையும் அவருடைய இரட்டைச் சகோதரரும் கடைசல் இயந்திரங்கள் செய்யும் ஆலையை நடத்தினார்கள். சிறு வயதிலேயே தாயை இழந்த மேரியனுக்குப் பள்ளி விட்டதும் ஆலைதான் விளையாட்டுத் திடல். ஒன்று சரியில்லை என்றால் கழற்றிப் பார்ப்பது, மாற்றிச் செய்து பார்ப்பது என்ற பழக்கம் அங்கே ஊறியது. ஆனால் படித்தது ஆங்கில இலக்கியம். 1939இல் பட்டம் பெற்று 'வோக்' இதழில் அழகுக் குறிப்புப் பகுதியில் வேலை பார்த்தார். ஜேம்ஸ் டோனோவனை மணந்து, கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்ட்போர்ட்டில் குடியேறினார். இரண்டாவது குழந்தையும் பிறந்தது. ஆலையில் கற்றது எல்லாம் மறந்தே போயிருக்க வேண்டிய காலம் அது.

1946. நனைந்த விரிப்பை மாற்றி மாற்றி அலுத்துப்போன மேரியனின் கண், குளியலறையில் தொங்கிய நீர்புகாத திரையின் மேல் விழுந்தது. அதை இறக்கி வெட்டினார், தையல் இயந்திரத்தில் வைத்துத் தைத்தார். பருத்தித் துணிக்கு மேலே மாட்டும் உறை ஒன்று உருவானது. சரியாக வரவில்லை. இன்னொரு திரை போயிற்று, அதன்பின் இன்னொன்று. கடைசியில் திரையைக் கைவிட்டுப் பாராசூட் தைக்கும் நைலானுக்கு மாறினார். இலேசான துணி, ரப்பரைப் போல் உடம்பைப் புழுங்க வைக்கவில்லை. உறிஞ்சும் துணியைச் செருகி வைக்க உள்ளேயே இடம் கொடுத்தார். அதோடு, ஹண்ட்டின் ஊக்கையும் தூக்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் பிரஸ் பட்டன்களை வைத்தார். என் கணக்கில் இந்தக் கதையின் ஆகப் பெரிய துணிச்சல் அந்தப் பட்டன்கள்தான். அரைத் தூக்கத்தில் ஊக்கு குத்திவிடுமோ என்று எத்தனை தாய்மார் கை நடுங்கியிருப்பார்கள்! பார்ப்பதற்குப் படகு போலிருந்ததால் 'போட்டர்' என்று பெயர் வைத்து, உற்பத்தியாளர்களிடம் கொண்டுபோனார். கதவுகள் திறந்தன, எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

வேண்டாம். எந்தப் பெண்ணும் இப்படி ஒன்றைக் கேட்கவில்லை, இருப்பதை வைத்தே மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று அவர்கள் கைவிரித்ததை, பல ஆண்டுகள் கழித்து மேரியனே ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் நினைவுகூர்ந்தார். வாங்க ஆளில்லை என்றதும் அவர் தாமே தயாரிப்பில் இறங்கினார். 1949இல் நியூயார்க்கின் புகழ்பெற்ற சாக்ஸ் ஃபிஃப்த் அவென்யூ அங்காடி 'போட்டரை' விற்பனைக்கு வைத்தது. அமோக வரவேற்பு. யாரும் கேட்காததாகச் சொல்லப்பட்ட பொருளைத் தாய்மார்கள் தேடிவந்து வாங்கினார்கள். 1951இல் காப்புரிமை கைக்கு வந்தது. அதே ஆண்டு நிறுவனத்தையும் உரிமைகளையும் கெக்கோ கார்ப்பரேஷனுக்குப் பத்து லட்சம் டாலருக்கு விற்றார். ஊக்கைச் செய்தவருக்கு 400 டாலர், ஊக்கை ஒழித்தவருக்குப் பத்து லட்சம். அந்தப் பணத்தோடு அவர் ஓய்ந்திருக்கலாம். ஆனால் அவர் மனதில் அதைவிட ஆபத்தான யோசனை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

துவைக்கவே வேண்டாத, காகிதத்தால் ஆன டயப்பர்! காகித ஆலைகளை அணுகினார். தேவையில்லாத பொருள் என்று மறுபடியும் கைவிரித்தார்கள். இம்முறை அவர் தோற்றார். யேல் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்கப் போய் 1958இல் பட்டம் வாங்கினார். அதற்குள் வேறொருவர் அதே பாதையில் நடக்கத் தொடங்கியிருந்தார்.

அவர் பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனத்தின் பொறியாளர் விக்டர் மில்ஸ். பேரக்குழந்தையின் நனைந்த துணிகளை மாற்ற நேர்ந்த சலிப்பில், காகித டயப்பர் ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்தார். முதல் சோதனை டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரில். அந்த வெயிலில், காகிதத்தை உள்ளே வைத்த பிளாஸ்டிக் ஜட்டி புழுங்கிக் குழந்தைகளுக்கு வேர்க்குரு வந்தது, திட்டம் படுத்தது. 1961இல் இல்லினாய் மாநிலத்தின் பியோரியாவில் 'பேம்பர்ஸ்' என்ற பெயரில் மறுபடி விற்றார்கள். பொருள் பிடித்தது, ஒன்றுக்கு 10 சென்ட் என்ற விலை பிடிக்கவில்லை. விலையைக் கிட்டத்தட்ட 6 சென்ட்டுக்கு இறக்கிய பிறகுதான் விற்பனை சூடு பிடித்தது. பிறகு வந்த வேகத்தில் துணி, பட்டன், உறை எல்லாமே வழக்கொழிந்தன. மேரியனின் கண்டுபிடிப்பு அத்தோடு முடிந்தது என்றே தோன்றியது.

முடியவில்லை. வீசப்பட்ட டயப்பர்கள் குப்பைமேடுகளில் மக்காமல் கிடந்தன. செலவும் மாதாமாதம் பையைக் கடித்தது. பெற்றோர்களில் ஒரு பகுதியினர் துணியின் பக்கம் திரும்பினார்கள். இப்போது நைலானுக்குப் பதில், பாலியஸ்டர் துணியின் பின்புறம் பாலியூரித்தேன் என்ற மெல்லிய படலத்தை ஒட்டிய துணி கிடைத்தது. நீரைத் தடுக்கும், ஆவியைக் கொஞ்சம் வெளியேவிடும்.

பழைய வேட்டியையும் பருத்திப் புடவையையும் கிழித்துக் கட்டிப் பழகிய நம் வீடுகளுக்கும் இந்தப் புதிய துணி டயப்பர் வந்துவிட்டது. யானையும் நிலாவும் அச்சிட்டு, சென்னையிலும் மதுரையிலும் புதுமைப் பொருள்போல் கடைகளில் தொங்குகிற துணி டயப்பரைப் பிரித்துப் பார்த்தால் தெரியும்: வெளியே நீர்புகாத உறை, உள்ளே செருகும் துணி, இடுப்பில் பிரஸ் பட்டன். வெஸ்ட்போர்ட்டின் தையல் இயந்திரத்தில் பிறந்த அதே அமைப்பு!

ஆகவே அதை வாங்குகிறவர்கள் அச்சுப் படத்தைக் கடைசியில் பார்த்தால் போதும். தொடை விளிம்பு இடைவெளியில்லாமல் பொருந்த வேண்டும், ஆனால் தோலில் அழுந்தக் கூடாது. பிள்ளை வளர வளர இறுக்கவும் தளர்த்தவும் பட்டன் வரிசை வேண்டும். உள்துணி பருத்தியாக இருந்தால் முதலில் சில முறை துவைத்த பிறகுதான் முழுதாக உறிஞ்சும்; துணியை மென்மையாக்கும் திரவத்தில் அலசினால் உறிஞ்சும் திறன் குறையும். மைக்ரோஃபைபர் உள்துணியை நேராகத் தோலில் படும்படி வைக்கக் கூடாது, அது தோலை வறட்டிவிடும். எவ்வளவு நல்ல உறையானாலும் நனைந்த துணியை நேரத்துக்கு மாற்றாவிட்டால் புண் வரும்.